மொட்டைமாடியும் மின் கட்டணமும்

ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தரைத்தள வகுப்பறை ஒன்றில் ஐந்து நிமிடம் அமருங்கள். பிறகு அதே கட்டடத்தின் மேல்தளத்திலுள்ள வகுப்பறையில் ஐந்து நிமிடம் அமருங்கள். இரண்டு அறைகளும் ஒரே அளவு. ஒரே எண்ணிக்கையில் மின்விசிறிகள் சுழல்கின்றன. சன்னல்களும் ஒரே திசையைப் பார்க்கின்றன. ஆனால் மேல்தளத்தில் உங்கள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். காரணம் யாது? ஒரு அறைக்கு மேலே இன்னொரு அறை இருக்கிறது. மற்றதற்கு மேலே சூரியன் இருக்கிறது!

இந்த வேறுபாட்டில் இயற்பியல் இருக்கிறது; பொருளாதாரமும் இருக்கிறது. நாடாளுமன்றம் இயற்றிய ஒரு சட்டமும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நமக்கு எடுத்துக்காட்டாகச் செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள படூரை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து பழைய மாமல்லபுரம் சாலை வழியே தெற்கே சென்றால் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையில் வரும் ஊர் இது. கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டு உப்பங்கழியும். அவற்றுக்கு அப்பால் கோவளத்துக் கடல். மேற்கே சிறுசேரியின் கணினி நிறுவனக் கட்டடங்கள். ஓட்டு வீடு, தகரக்கூரை வீடு, கான்கிரீட் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்பு, கண்ணாடி போர்த்திய அலுவலகம், கல்லூரி வளாகம் ஆகிய அனைத்தையும் சில கிலோமீட்டருக்குள் காணலாம். கட்டடங்கள் வெப்பத்தை எப்படி ஏற்கின்றன என்று படிக்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

கூரையில் நடப்பது என்ன?

தெளிவான வானமுள்ள கோடை நாளின் நண்பகலில், ஒரு சதுர மீட்டர் மொட்டைமாடியில் ஏறத்தாழ 900 முதல் 1000 வாட் வரை சூரிய ஆற்றல் விழுகிறது. மங்கிய சாம்பல் நிறக் கான்கிரீட் அதில் மூன்றில் இரண்டு பங்கை உறிஞ்சிக்கொள்ளும். வெயில், காற்று ஆகிய இரண்டின் விளைவையும் சேர்த்து, கூரையின் வெளிப்புறத்துக்கு ஒரே ஒரு வெப்பநிலையைக் குறிப்பது பொறியாளர் வழக்கம். நிழலில் காற்று 35 டிகிரி இருக்கும் நாளில் இந்த வெப்பநிலை 55 டிகிரி செல்சியஸ் அளவுக்கு உயரும். அறைக்குள் 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வேறுபாடு 25 டிகிரி.

அடுத்து நமக்கு வேண்டியது கூரையின் 'யு-மதிப்பு'. ஒரு சதுர மீட்டர் பரப்பின் இருபுறமும் 1 டிகிரி வேறுபாடு இருக்கும்போது எத்தனை வாட் வெப்பம் அதைக் கடக்கிறது என்பதே இம்மதிப்பு. மேற்பூச்சு ஏதுமில்லாத சாதாரணக் கான்கிரீட் தளத்துக்கு இதை 3.5 என்று கொள்ளலாம். அறையின் பரப்பு 12 சதுர மீட்டர் எனில்,

3.5 × 12 × 25 = 1050 வாட்.

அதாவது, ஒரு கிலோவாட் மின் அடுப்பை யாரோ உங்கள் தலைக்கு மேல் பற்றவைத்தது போல! ஒரு டன் ஏ.சி. எந்திரம் அறையிலிருந்து வெளியேற்றக் கூடிய வெப்பம் சுமார் 3500 வாட். அதில் 30 சதவீதம் இந்தக் கூரை வெப்பத்தை அள்ளிக் கொட்டுவதற்கே செலவாகிவிடுகிறது.

இனிக் கூரையை மாற்றிப் பார்ப்போம். மேலே வெண்ணிறப் பூச்சு பூசினால், உறிஞ்சப்படும் வெயில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். வெளிப்புற வெப்பநிலை 43 டிகிரி அளவுக்கு இறங்கும். அப்போது உள்ளே வருவது 3.5 × 12 × 13 = 546 வாட். பூச்சுக்குப் பதிலாக, வெப்பத் தடுப்புப் பொருளைப் பரப்பி யு-மதிப்பை 1.2 ஆகக் குறைத்தால், 1.2 × 12 × 25 = 360 வாட். இரண்டையும் சேர்த்துச் செய்தால் 187 வாட் மட்டுமே!

வெப்பம் ஒரே சீராகப் பாய்கிறது என்று கொண்டு போட்ட கணக்கு இது. உண்மையில் கான்கிரீட் வெப்பத்தைச் சேமித்து வைத்துச் சில மணி நேரம் கழித்தே உள்ளே விடுகிறது. மாலையில் கடற்காற்று வீசி வெளியே குளிர்ந்த பின்னும் மேல்தள வீட்டில் இரவு பத்து மணிவரை புழுங்குவது இதனால்தான். ஆயினும் எந்தக் கூரை நல்லது என்பதை நம் எளிய கணக்கே சொல்லிவிடுகிறது.

இது புதிய அறிவா?

இல்லை. பழைய சென்னை வீடுகளின் மாடித் தளத்தில் தேக்கு உத்தரங்களுக்கு மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்து கொட்டி, மேலே தட்டோடு பதித்தார்கள். தடித்த அந்தத் தளம் வெப்பத்தை எளிதில் உள்ளே விடாது. மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பதும் தெரிந்த வழக்கமே. படூருக்கு அருகில், முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்துக்குச் சென்றால், தென்னாட்டு மரபு வீடுகளின் முற்றம், திண்ணை, தாழ்ந்த இறவாரம் ஆகியவற்றை நேரில் காணலாம். செலவு குறைந்த கட்டடக்கலைக்குப் பேர்பெற்ற லாரி பேக்கர் அதன் வடிவமைப்பில் பங்கு கொண்டார். சுவர் மீது வெயில் படாமல் இறவாரம் காக்கிறது. முற்றத்தில் வெப்பக் காற்று மேலெழுந்து செல்ல, அறைகளுக்குள் புதிய காற்று நுழைகிறது. மின்சாரம் இல்லாத காலத்தில் வீடே மின்விசிறியாக இருந்தது எனலாம்.

நம் கடற்கரையின் தட்பவெப்பத்தை இந்தியக் கட்டட வல்லுநர்கள் 'வெப்ப ஈரப் பகுதி' என்று வகைப்படுத்துகிறார்கள். இங்கு வெப்பத்தைத் தடுப்பதோடு காற்றோட்டமும் தேவை. ஏனெனில் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. ஆகவே, 2018-ல் வெளியான குடியிருப்புகளுக்கான தேசிய விதித்தொகுப்பு, இப்பகுதி வீடுகளில் திறக்கக் கூடிய சன்னல், கதவுகளின் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. வறண்ட வெப்பப் பகுதிக்குப் பத்தில் ஒரு பங்கே போதும். அதே தொகுப்பு, கூரையின் யு-மதிப்பு 1.2-க்கு மேல் போகக் கூடாது என்றும் விதிக்கிறது. மேலே கணக்கில் அந்த எண்ணை நான் ஏன் எடுத்தேன் என்பது இப்போது விளங்கும்.

தெரிந்தும் ஏன் செய்வதில்லை?

இங்கேதான் இயற்பியல் முடிந்து பொருளாதாரம் தொடங்குகிறது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் கட்டுபவர் ஒருவர். வாங்கி வாடகைக்கு விடுபவர் இன்னொருவர். குடியிருந்து மின் கட்டணம் கட்டுபவர் மூன்றாமவர். கூரைக்குத் தடுப்புப் பொருள் போட்டால் செலவு முதலாமவருக்கு, மிச்சம் மூன்றாமவருக்கு. தமக்கு வராத மிச்சத்துக்காக யார் செலவு செய்வார்? குடியிருப்பவரோ, பதினோரு மாத ஒப்பந்தத்தில் இருப்பவர். வீட்டுக்காரரின் கூரைக்குப் பணம் போடமாட்டார். மூவரில் ஒருவரும் முட்டாள் அல்லர். ஆனால் மூவரும் சேர்ந்து ஒரு முட்டாள்தனமான கட்டடத்தை உண்டாக்கிவிடுகிறார்கள்.

இன்னொரு தடையும் உண்டு. மிச்சம் பல ஆண்டுகளில் சிறுகச் சிறுக வருகிறது. செலவோ இன்றே, மொத்தமாக. தகரக்கூரை வீட்டில் வாழ்பவரே வெப்பத்தால் மிக அதிகம் வாடுகிறார். அவரிடம்தான் முன்பணம் இல்லை.

இவ்விரண்டு தடைகளையும் தனியார் சந்தை தானாகத் தீர்ப்பதில்லை. ஆகவேதான் அரசு நிதி தேவைப்படுகிறது.

சட்டம் சொல்வது

1973-ல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது உலகமே திடுக்கிட்டு விழித்தது. அமெரிக்கா 1975-ல் ஒரு சட்டம் இயற்றி, எரிசக்தியைச் சேமிக்கும் திட்டங்களுக்காகத் தன் மாநிலங்களுக்கு நிதி வழங்கத் தொடங்கியது. 1976-ல் ஏழைகளின் வீடுகளைக் குளிர் புகாதபடி சீரமைக்கும் திட்டமும் வந்தது. அங்கே தடுப்பது குளிரை. இங்கே தடுப்பது வெயிலை. இயற்பியல் ஒன்றே.

இந்தியாவில் எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001-ல் நிறைவேறியது. இதன்படி 2002 மார்ச் 1 அன்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. மின்விசிறியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் நீங்கள் பார்க்கும் நட்சத்திரச் சீட்டு இப்பணியகத்தின் வேலைதான். இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலமும் இப்பணிக்கென ஓர் அமைப்பைக் குறிப்பிடலாம். தமிழ்நாட்டில் மின் ஆய்வுத் துறை இப்பொறுப்பை ஏற்றது. 16-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு மாநிலமும் ஒரு 'மாநில எரிசக்தி சேமிப்பு நிதி'யை உருவாக்க வேண்டும்.

இந்த நிதிக்கு மத்திய அரசு பணம் தரும் முறை கவனிக்கத் தக்கது. ஒரு மாநிலத்துக்கு அதிக அளவாக 4 கோடி ரூபாய். அதுவும் இரண்டு தவணைகளில், தவணைக்கு 2 கோடியாக. முதல் தவணை பெற்ற மாநிலம் தன் பங்காக ஈடான தொகையைப் போட்டால்தான் இரண்டாம் தவணைக்குத் தகுதி பெறும். 'நீ ஓரடி வைத்தால் நான் ஓரடி வைப்பேன்' என்னும் ஏற்பாடு இது. மாநிலம் உண்மையிலேயே அக்கறை கொள்ள வேண்டும் என்பது இதன் நோக்கம். ஆனால், வேறு தேவைகள் நெருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத சேமிப்புக்காக நிதிநிலை அறிக்கையில் இடம் ஒதுக்குவது எந்த அரசுக்கும் எளிதன்று.

ஒரு கணக்கு போடுவோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7 கோடியே 21 லட்சம் பேர். 4 கோடி ரூபாயை அவர்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 55 காசு! இத்தொகையைக் கொண்டு ஊரிலுள்ள கூரைகளை எல்லாம் மாற்ற முடியாது என்பது வெளிப்படை. இது விளைச்சல் அன்று, விதை நெல். செயல் விளக்கக் கட்டடங்கள், பொறியாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் பயிற்சி, ஆற்றல் தணிக்கை போன்றவற்றுக்கே இது பொருந்தும்.

பணம் இல்லாமலே பயன் தரும் வழியும் சட்டத்தில் இருக்கிறது. அதுதான் கட்டட விதித்தொகுப்பு. வணிகக் கட்டடங்களுக்கான முதல் தொகுப்பு 2007-லும், திருத்திய பதிப்பு 2017-லும் வெளிவந்தன. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது அதற்கு மேல் உள்ள பெரிய கட்டடங்களைக் கருதி எழுதப்பட்டது திருத்திய பதிப்பு. 2017 பதிப்பின் எளிய வழிமுறைப்படி, கண்ணாடிச் சன்னல்கள் வெளிச்சுவரில் 40 சதவீதத்துக்கு மேற்படக் கூடாது. பழைய மாமல்லபுரம் சாலையில் செல்லும்போது கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து இந்த எண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். தன் தட்பவெப்பத்துக்கேற்ப இவ்விதிகளைத் திருத்தி அமல்படுத்தும் உரிமை மாநிலத்துக்கு உண்டு. 2022-ல் செய்த சட்டத் திருத்தம் குடியிருப்புக் கட்டடங்களுக்கும் இடம் தந்தது. ஆனால் விதியை எழுதுவது ஒரு வேலை. வரைபடத்தைச் சரிபார்த்து, கட்டிய பின்னும் சென்று பார்ப்பது வேறு வேலை. அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும். அந்த 55 காசு அங்கேதான் உதவ வேண்டும்.

சேமிப்பும் ஒரு மின் நிலையமே

'சிறுதுளி பெருவெள்ளம்' என்பதைக் கணக்கால் மெய்ப்பிக்கலாம். நம் மாவட்டக் கடற்கரையிலேயே கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் உள்ளது. அதன் ஓர் அலகின் திறன் 220 மெகாவாட். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட் எடுக்கும். தூரிகையற்ற நேர்மின் மோட்டார் பொருத்திய புதிய விசிறி ஏறத்தாழ 30 வாட்டில் அதே காற்றைத் தரும். மிச்சம் 45 வாட். 220 மெகாவாட்டை 45-ஆல் வகுத்தால் சுமார் 49 லட்சம். தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட வீட்டு மின் இணைப்புகள் உள்ளன. ஏறக்குறைய நான்கு வீட்டுக்கு ஒரு விசிறி மாறினால், அனைவரும் விசிறி போடும் கோடை இரவில் ஓர் அலகு அளவு மின்தேவை குறையும்!

இப்படியும் நடக்குமா என்று கேட்பவர்களுக்கு எல்.ஈ.டி. விளக்கின் கதையே விடை. 2015 ஜனவரி 5 அன்று தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசு நிறுவனம் ஒன்று கோடிக்கணக்கான விளக்குகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் விற்கப்பட்டன. விளக்கின் விலையை மக்களே கொடுத்தார்கள். அரசு செய்தது, வாங்குபவர்களை ஒன்று திரட்டியதுதான். 60 வாட் குண்டு பல்பை 9 வாட் விளக்கால் மாற்றி நாளுக்கு 4 மணி நேரம் எரித்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 75 யூனிட் மிச்சம்.

ஆனால் கூரையை விளக்கைப் போல் கடையில் வாங்கி மாட்ட முடியாது. ஒவ்வொரு கூரையும் தனித்தனியே கவனிக்க வேண்டியது.

கடனா, கொடையா?

'சேமிப்பால் பணம் திரும்பி வருமே. அரசு கடன் கொடுத்தால் போதாதா?' என்று உங்களில் சிலர் கேட்கலாம். நல்ல கேள்வி. சுழல்நிதி என்பது இதுதான். 2 கோடி ரூபாயைக் கட்டடங்களுக்குக் கடனாகக் கொடுத்து, மின் கட்டணத்தில் மிச்சமாகும் தொகையிலிருந்து ஆண்டுக்கு 20 சதவீதம் திரும்பப் பெறுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் ஆண்டும் 40 லட்சம் ரூபாய் அடுத்த கட்டடங்களுக்குக் கிடைக்கும். ஐந்தாண்டில் முதல் பணம் முழுவதும் திரும்பிவிடும். ஏ.சி. ஓடும் அலுவலகங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் இது மிகவும் பொருந்தும்.

இனி உங்கள் மேல்தள வகுப்பறைக்கு வாருங்கள். அங்கே ஏ.சி. கிடையாது, விசிறிகள் மட்டுமே. கூரைக்கு வெண்பூச்சு பூசிய பின்னும் விசிறிகள் முன்போலவே ஓடும். மின்மானியில் ஒரு யூனிட்கூடக் குறையாமல் போகலாம்! அப்படியானால் பயன் இல்லையா? இருக்கிறது, அது மின்மானியில் அன்று, உங்கள் உடம்பில் தெரிகிறது. வியர்வை குறைகிறது, பாடத்தில் கவனம் நிற்கிறது. தகரக்கூரை வீட்டில் தூங்கும் குழந்தைக்கும் அப்படியே. அங்கே பணம் திரும்பி வராது. ஆகவே கடனும் பொருந்தாது. கட்டணக் குறைவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டால், அரசு நிதி முழுவதும் ஏற்கெனவே குளிர்ந்திருக்கும் கட்டடங்களுக்கே போய்ச் சேரும். வெந்துகொண்டிருக்கும் கூரைகள் வெந்துகொண்டே இருக்கும்.

ஆகவே இரண்டு பைகள் தேவை: மிச்சம் பிடிக்கும் கட்டடங்களுக்குச் சுழல்நிதி, பள்ளிகளுக்கும் ஏழை வீடுகளுக்கும் கொடை. தெலங்கானா அரசு 2023-ல் குளிர்கூரைக் கொள்கை ஒன்றை வெளியிட்டு, அரசுக் கட்டடங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் அதைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளின் கூரைகளில் வெயிலைத் திருப்பியனுப்பும் பூச்சைப் பூசும் பணி தொடங்கப்பட்டது. இவை கொடைப் பையைச் சேர்ந்தவை.

எந்தப் பையிலிருந்து கொடுத்தாலும் ஒரு நிபந்தனை உண்டு: அளக்க வேண்டும். செலவழியாத மின்சாரத்தை எந்த மானியும் காட்டாது. ஆகவே, வேலைக்கு முன் ஓர் ஆண்டும் பின் ஓர் ஆண்டும் அளந்து, வெயிலின் கடுமையையும் கணக்கில் கொண்டு ஒப்பிட வேண்டும். வெண்பூச்சு தூசு படிந்து மங்கும். கழுவவோ மீண்டும் பூசவோ வேண்டும். முதல் ஆண்டின் குளிர்ச்சியைப் படம் பிடித்துவிட்டு மூன்றாம் ஆண்டை மறப்பது அறிவியல் ஆகாது.

நீங்கள் செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப்பெட்டிகளை எடுத்து, மேற்புறம் தகரத் தகடு பொருத்துங்கள். ஒரு தகட்டுக்குச் சாம்பல் வண்ணமும் மற்றதற்குச் சுண்ணாம்பும் பூசுங்கள். உள்ளே ஆளுக்கொரு வெப்பமானி. காலை 9 முதல் மாலை 5 வரை மணிக்கொரு தடவை அளந்து வரைபடம் வரையுங்கள். மறுநாள், இரண்டு தகடுகளின் அடியிலும் தென்னை நாரைப் பரப்பி மீண்டும் அளவிடுங்கள். எந்த மணியில் உச்சம் வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்; அது தள்ளிப்போவதைக் காண்பீர்கள்.

பிறகு அதே வெப்பமானியோடு உங்கள் பள்ளியின் தரைத்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் செல்லுங்கள். ஒரு மாத அளவுகளை அட்டவணையாக்கித் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் கொடுங்கள். டிசம்பர் 14 தேசிய எரிசக்தி சேமிப்பு நாள். அன்று அந்த அட்டவணையைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டலாம். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்துக்கு, 'வகுப்பில் மிகவும் வெப்பமாக உள்ளது' என்ற வாக்கியத்தைவிட 'பிற்பகல் 2 மணிக்கு மேல்தளம் இத்தனை டிகிரி, தரைத்தளம் இத்தனை டிகிரி' என்னும் இரண்டு எண்கள் வலிமை தரும். அந்த எண்களை உங்களைத் தவிர வேறு யார் அளக்கப்போகிறார்கள்?